இருபது நிமிடம் தராத போர்மேன்

ஆவுடையப்பன் அண்ணாச்சி இறந்த செய்தி வந்தபோது, விருதுநகரில் நான் வேலை பார்க்கும் மிளகாய் வத்தல் மண்டியின் பின்கட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பழைய பட்டாசுக் கம்பெனி நண்பர் ஒருவர் போனில், "நம்ம போர்மேன் போயிட்டாருப்பா" என்றார். "எந்தப் போர்மேன்?" என்று கேட்டேன். எந்தப் போர்மேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். போனை வைத்துவிட்டு, ரசம் ஊற்றி, மோர் ஊற்றி, சாப்பாட்டை முழுதாக முடித்தேன். அடக்கத்துக்கும் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஒரு வாரம் கழித்து அவர் மகன் முத்துக்குமார் மண்டிக்கு வந்தார்.

"அண்ணாச்சி, முப்பதாம் நாளுக்கு அப்பா நினைவா சின்னதா ஒரு புஸ்தகம் போடுறோம். கூட வேலை பாத்தவுக எல்லாரும் எழுதித் தாராக. நீங்களும் நாலு பக்கம் தாங்க."

"எனக்கும் ஒங்க அப்பாவுக்கும் ஆகாது தம்பி. தெரியும்ல?"

"தெரியும்."

"நல்லதா எழுத மாட்டேன்."

"தெரிஞ்சுதான் கேக்கேன். எழுதுறத அப்படியே அச்சடிப்போம்."

அதனால் எழுதுகிறேன். இந்தப் புத்தகத்தின் மற்ற பக்கங்களில் அவரைக் கடமை தவறாதவர், கண்டிப்பானவர், தங்கமானவர் என்று எழுதியிருப்பீர்கள். கண்டிப்பானவர் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருந்த அந்தக் கம்பெனியில் நான் டெஸ்பாட்ச் கிளார்க். என் தங்கை மாரீஸ்வரி அங்கேயே பேக்கிங்கில் இருந்தாள். காலையில் வேன் வந்து நின்றதும் போர்மேன் கேட்டில் வந்து நிற்பார். ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணுவார். நைலான் சேலை, தலையில் இரும்பு ஊக்கு, இடுப்பில் செல்போன், எது கண்ணில் பட்டாலும், உரசினால் பொறி பறக்கும் என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஒருநாள் மாரீஸ்வரி மறந்துபோய்க் கொலுசோடு வந்துவிட்டாள். கழற்றிக் கையில் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். "கொலுசுச் சத்தம் வீட்ல கேக்கட்டும். நாளைக்கு வா" என்றார். அவள் நாலு மைல் வெயிலில் நடந்து வீட்டுக்குத் திரும்பினாள். வேன் சாயங்காலம்தான் போகும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

வெடிமருந்து அடைக்கிற மருந்து அறைக்குள் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. சீசன் நேரத்தில் எந்தக் கம்பெனியிலும் அந்த விதியைக் கொஞ்சம் வளைப்பார்கள். இவர் வளைக்க மாட்டார். ஒருமுறை முதலாளியின் மச்சினர் ஆர்டர் அவசரம் என்று ஐந்தாவதாக ஒரு ஆளை உள்ளே அனுப்பச் சொன்னார். "நாலு பேருன்னா நாலு பேருதான். அஞ்சாவது ஆளு சாமியா இருந்தாலும் வெளிய நிக்கட்டும்" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். உங்களில் பலர் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவீர்கள். எனக்கு அந்த மனிதரின் குரலே பிடிக்காது. நல்லதைச் சொன்னாலும் அடிப்பது மாதிரிதான் சொல்வார்.

இனி கொச்சிக்குப் போன கதை. தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருக்கும் நாட்களில் தொழிலாளர்களை டூர் கூட்டிப்போவது வழக்கம். அந்த வருடம் கொச்சி என்று முடிவாயிற்று. நாற்பத்திரண்டு பேர், ஒரு பஸ். பொறுப்பு போர்மேன். டீ குடிக்க இறங்கினால் எண்ணுவார், ஏறினால் எண்ணுவார். சமையல்கார அம்மாள் கழிப்பறையில் இருந்ததால் ஒரு ஊரில் கால்மணி நேரம் பஸ்ஸை நிறுத்தி வைத்து ஊரையே கூட்டிவிட்டார். சிரித்துப் பேசி வந்த பஸ் மதியத்துக்குள் ஊமையாகிவிட்டது.

எர்ணாகுளத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் படகில் பழைய கொச்சிக்குப் போனோம். அப்படி ஒரு கரையை நான் அதுவரை பார்த்ததில்லை. ஓடு வேய்ந்த பழைய சரக்குக் கிட்டங்கிகள், காவி பூத்த சுவர்கள், ஆள் உயரத்துக்கு மேல் ஜன்னல் வைத்த வெள்ளைக்காரன் காலத்து வீடுகள், கல்லறைக் கல்லெல்லாம் தேய்ந்துபோன ஒரு சர்ச். பெரிய பெரிய மரங்கள் தெருவையே மூடி நின்றன. திரும்பித் தண்ணீரைப் பார்த்தால், எதிர்க்கரையில் வானத்துக்கு எழும்பிய அடுக்குமாடிகள், கண்ணாடிக் கட்டிடங்கள், துறைமுகத்துக் கிரேன்கள். நடுவில் கப்பல் போய்க்கொண்டிருந்தது.

மாரீஸ்வரி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, அந்தா பாரு, நம்ம பெட்டி."

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு திரி பற்றவைத்தால் அறுபது வாணம் அடுத்தடுத்து மேலே போய் வெடிக்கும் எங்கள் கம்பெனியின் அறுபது ஷாட் பெட்டியில் ஒரு படம் உண்டு. தண்ணீர், பழைய கட்டிடங்கள், பின்னால் உயர உயரமான கோபுரக் கட்டிடங்கள், மேலே வானம் பூராவும் பூப்பூவாக வெடி. சிவகாசி அச்சகத்தில் யாரோ எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய படம். எந்த ஊர் என்று அச்சடித்தவருக்கே தெரியாது. அந்த லேபிளைப் பதினோரு வருடமாக ஒட்டியவள் அவள். அப்படி ஒரு ஊர் இருக்காது, சும்மா வரைந்திருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தாளாம்.

எல்லாரும் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போர்மேன் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரையோரம் சீன வலைகள் இருந்தன. பெரிய மரச்சட்டத்தில் கட்டிய வலையைக் கயிறு பிடித்து மேலே தூக்குவார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களையும் ஏறிப் பிடிக்கவிடுவார்கள். எங்கள் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஓடினார்கள். பின்னாலேயே அவர் குரல் வந்தது. "நாலு பேரு ஏறு. மத்தவுக வெளிய நில்லு." மீன் வலைக்கும் மருந்து அறைக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். வலைக்காரர் ஒருவர் சிரித்தே விட்டார். எனக்கு மானம் போயிற்று.

சாயங்காலம் டீக்கடையில் ஒரு சேதி கிடைத்தது. ஏதோ விழாவுக்காக ஏழு மணிக்குத் தண்ணீரில் மிதவை கட்டி வாணவேடிக்கை விடப்போகிறார்கள் என்றார் கடைக்காரர். எனக்கு உடனே பொறி தட்டியது. இரண்டு மாதத்துக்கு முன் கொச்சிக்கு ஒரு லோடு நான்தான் அனுப்பினேன். விழாக் கமிட்டி பெயருக்குத்தான் பில் போட்டேன். அந்த லோடு முழுவதும் மாரீஸ்வரியின் கை பட்டது. சொன்னதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பட்டாசு செய்கிறவர்கள் தீபாவளிக்குச் சரம் வெடித்திருப்பார்கள், மத்தாப்பு பிடித்திருப்பார்கள். அறுபது ஷாட் வாங்கி வெடிக்கிற வசதி எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. தான் செய்தது மேலே போய் என்னவாகிறது என்பதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆறேகாலுக்கு போர்மேன் எல்லாரையும் படகுத்துறைக்குக் கிளப்பினார்.

"அண்ணாச்சி, ஏழு மணிக்கு வெடி விடுறாக. நம்ம சரக்கு. பாத்துட்டுப் போயிருவோம்" என்றாள் மாரீஸ்வரி.

"வேடிக்கை முடிஞ்சா இம்புட்டு சனமும் இந்தப் படகுலதான் வந்து ஏறும். எவ எங்கன விழுதான்னு நான் தேட முடியாது. ஏறு."

"இருவது நிமிசம் அண்ணாச்சி. நான் பேக் பண்ணுன பெட்டி."

"பெட்டிய பேக் பண்ணுனதோட ஒஞ் சோலி முடிஞ்சது. ஏறு பிள்ள."

அவள் இன்னும் கெஞ்சினாள். அவர் விரலை நீட்டி எண்ணத் தொடங்கிவிட்டார். கடைசியில் ஏறினோம். அக்கரையில் போய் இறங்கிப் பஸ்ஸில் உட்காரவும் முதல் வெடி கேட்டது. பஸ் நின்ற இடத்தை உயரக் கட்டிடங்கள் மறைத்திருந்தன. சத்தம் மட்டும்தான். மாரீஸ்வரி ஜன்னலில் காதை வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "இது பன்னெண்டு ஷாட். இது வேற கம்பெனி. அண்ணே, இதான், இதான் நம்ம அறுவது." ஏதாவது வெளிச்சமாவது தெரியுமா என்று தலையை வெளியே நீட்டினாள். முன் சீட்டிலிருந்து போர்மேன் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "தலைய உள்ள இழு."

கம்பெனி திறந்த நாள் கேட்டில் வழக்கம்போல் எண்ணினார். மாரீஸ்வரியின் முறை வந்தது. அவள் நின்றாள்.

"இனிமே என்னைய எண்ணாதீக" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவர் கூப்பிடவில்லை. அடுத்து நின்ற பெண்ணை எண்ணினார்.

அடுத்த வாரமே அவளுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. தாயில்பட்டிப் பக்கம் யாரோ குத்தகைக்கு எடுத்து நடத்திய ஒரு பட்டாசு யூனிட். வேன் தெருவுக்கே வரும். கொலுசை யாரும் பார்ப்பதில்லை. மருந்து அடைக்கிற வேலை கொடுத்தார்கள். "இங்கன ஒரு பிடுங்கலும் இல்லண்ணே, நிம்மதியா இருக்கு" என்பாள். சீசன் உச்சத்தில் ஒரு பகல் அந்த அறை வெடித்தது. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பதினொரு பேர் இருந்திருக்கிறார்கள். மாரீஸ்வரியைக் கொலுசை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன்.

அன்று எங்கள் வீட்டுக்கு போர்மேன் வந்தார். அழுகிற கூட்டத்துக்கு நடுவே வந்து நின்று, என்னைப் பார்த்து, "எங்கிட்டயே இருந்திருக்கலாம்" என்றார். ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டாவது நிற்கலாம். அவர் சட்டையைப் பிடித்துத் தெருவில் தள்ளினேன். "நீதாய்யா கொன்னே. இருவது நிமிசம் குடுத்திருந்தா அவ எங்கயும் போயிருக்க மாட்டா" என்று ஊர் கேட்கக் கத்தினேன். உங்களில் சிலர் அங்கே இருந்தீர்கள். என்னை இழுத்துப் பிடித்ததும் நீங்கள்தான். அவர் வேட்டி மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின் நான் அந்தக் கம்பெனி வேலையை விட்டு மண்டிக்கு வந்துவிட்டேன். அவரும் ஓய்வு பெற்றார். மாதம் ஒருமுறை சர்க்கரை மாத்திரை வாங்க விருதுநகர் வருவார். மருந்துக்கடை பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் எங்கள் மண்டித் தெரு வழியாகத்தான் நடப்பார். நான் விடமாட்டேன். வேலையைப் போட்டுவிட்டு வெளியே போய், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுவேன். முதலாளி வீட்டு ஆளுக்கே பதில் சொன்ன வாய், ஒரு வார்த்தை பேசாது. நான் முடிக்கும்வரை நிற்பார். முடிந்ததும், "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஐந்து வருடம் இப்படி நடந்தது. மூட்டை தூக்குகிறவர்கள்கூட, "எதுக்குண்ணே வயசானவர இந்தப் பாடு படுத்துறீக?" என்று கேட்டுவிட்டார்கள்.

போன மாதம் அவர் வரவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

இப்படிப்பட்ட கட்டுரையின் முடிவில், மறைந்தவரிடமிருந்து நமக்கு மிஞ்சியது எது என்று எழுத வேண்டும் என்று முத்துக்குமார் சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன். அன்றைக்குப் படகுத்துறையில் மாரீஸ்வரி கோபித்துக்கொண்டு மதில் பக்கம் போய்த் தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். மற்றவர்கள் படகில் ஏறிவிட்டார்கள். போர்மேன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஒந் தங்கச்சிதான. நீ கூட நின்னு ஒம் பொறுப்புல கூட்டியாறேன்னா, இருந்து பாத்துட்டு அடுத்த படகுல வாங்க. பஸ்ஸ நிறுத்தி வைக்கேன்."

எனக்கு ஊர் தெரியாது. பாஷை தெரியாது. கூட்டம் வேறு பயமாக இருந்தது. "எதுக்கு அண்ணாச்சி வம்பு, போயிருவோம்" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவர் போய் அவளை அதட்டி ஏற்றினார்.

இதை அவர் அவளிடம் சொல்லவில்லை. கேட்டில் அவள் திரும்பி நடந்தபோதும் சொல்லவில்லை. தெருவில் தள்ளியபோதும், மண்டி வாசலில் ஐந்து வருடம் நின்றபோதும், ஒருவரிடமும் சொல்லவில்லை. முத்துக்குமாருக்கும் இதை வாசிக்கும்போதுதான் தெரியும்.

நீங்கள் இதைப் பெருந்தன்மை என்பீர்கள். எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கோபம்தான். இதற்காகத்தான் அவரை நான் மன்னிக்கவே மாட்டேன். அன்றைக்குக் கேட்டில், "ஒங்க அண்ணந்தான் வேண்டாம்னான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மாரீஸ்வரி அவரிடமே வேலைக்குப் போயிருப்பாள். என்னோடு வாழ்நாளெல்லாம் பேசாமல் இருந்திருப்பாள். பேசாமலாவது இருந்திருப்பாள்.