ரிங்லெட் ஏரியில் ஒழுகிய படகு

1978 ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை. நான் படகு மெக்கானிக்காக இருக்கும் லூமூட் துறைமுகத்திலிருந்து காலை ஆறு மணி பஸ்ஸில் கிளம்பினேன். துணிப்பை ஒன்று, ஸ்பேனர்களும் உதிரிபாகங்களும் நிறைந்த இரும்புப் பெட்டி ஒன்று. ஈப்போவிலும் தாப்பாவிலும் பஸ் மாறி, பதினொன்றரைக்கு மலை பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னா சார், பட்டறையவே தூக்கிட்டு வர்றீங்க?"

"ரிங்லெட்ல ஒரு படகு ரிப்பேர்."

"மலையில படகா? நல்ல வேலைலா!"

தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் இரண்டு வெள்ளி. மூங்கில் காடுகளைத் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. ஒரு வளைவில் திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரிக்கு வழிவிட்டு, பஸ் பள்ளத்தின் விளிம்பில் நின்றது. பக்கத்திலிருந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் பயம் வரவில்லை. ரிங்லெட்டில் காத்திருப்பவரிடம் முதலில் என்ன பேசுவது என்பதுதான் மனதை அரித்துக்கொண்டிருந்தது.

அவர் என் அக்கா புஷ்பத்தின் கணவர், ரெங்கசாமி மாமா. அக்கா தமிழ்நாட்டில் பிறந்தவள், எனக்கிருந்த இந்த நாட்டுக் குடியுரிமை அவளுக்கு இல்லை. 1970இல் வேலை பெர்மிட் கிடைக்காமல் அப்பாவும் அம்மாவும் ஊருக்குக் கப்பலேறியபோது, ஆறு மாதத்தில் திரும்புவதாகச் சொல்லிவிட்டு அவளும் போனாள். அங்கே அப்பா படுக்கையில் விழுந்தார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அக்காவின் மறுநுழைவு அனுமதி காலாவதியாகிவிட்டது. மாமா ஏன் அவளை அழைத்துவரவில்லை என்ற கோபத்தில் எட்டு ஆண்டுகள் நான் அவரோடு பேசவில்லை. போன வாரம் அவரிடமிருந்து நான்கு வரிக் கடிதம் வந்தது. 'படகு தண்ணீர் குடிக்கிறது, பழி என்மேல் விழுந்திருக்கிறது, உன்னைவிட்டால் எனக்கு ஆள் இல்லை.' கடைசி வரியில் எஞ்சினின் மாடல் எண்.

பகல் ஒன்றரை மணி. பஸ்ஸை விட்டு இறங்கினேன். மாமா இளைத்திருந்தார். "வாப்பா சேகர்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான்.

தேயிலைத் தோட்டத்தின் அடிவாரத்தில் ஏரி. அக்கரைச் சரிவில் பறிக்கும் கொழுந்தை மூட்டைகளாக இக்கரைக்குக் கொண்டுவர, தோட்ட மேலாளரான துரையின் பழைய உல்லாசப் படகைத் தோட்டம் பயன்படுத்தியது. அதை ஓட்டுபவர் மாமா. இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு காலையில் படகு கட்டிய இடத்திலேயே மூழ்கிக் கிடந்திருக்கிறது. அடியில் உள்ள வடிகால் அடைப்பை அவர் திறந்துவிட்டு வந்ததாகத் தோட்டத்து எழுத்தரான கிராணி துரைக்கு எழுதிவிட்டார்.

படகைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். இந்த வகைப் படகில் எஞ்சின் உள்ளே இருக்கும். தண்ணீரைத் தள்ளும் காத்தாடி உள்ள கால் பின்பலகைக்கு வெளியே தொங்கும். இரண்டையும் இணைக்கும் தண்டு பலகையில் உள்ள துவாரம் வழியாகப் போகும். அதன்மேல் ஆர்மோனியத் துருத்திபோல மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. தண்ணீரைத் தடுப்பது அதுதான்.

அடைப்பை இறுக்கி, உள்ளே ஈரமில்லாமல் துடைத்து, பழைய செய்தித்தாளைப் பரப்பிப் படகை ஏரியில் இறக்கினோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. தாள் காய்ந்தே கிடந்தது.

கிராணி இடுப்பில் கை வைத்து நின்றார். "பாத்தீங்களா? ஓட்டையும் இல்ல ஒண்ணும் இல்ல. அடைப்ப மறந்துட்டு வந்திருக்காரு."

மாமா என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, வேல முடிஞ்சதும் எப்படிக் கட்டுவீங்க? அதே மாதிரி கட்டுங்க" என்றேன்.

படகை ஒரு பாறைச் சந்துக்குக் கொண்டுபோனார். காத்தாடி பாறையில் இடிக்காமலிருக்க ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுதாகத் திருப்பிக் கயிற்றைக் கட்டினார். நான் உள்ளே குனிந்தேன். ஐந்து நிமிடத்தில் பின்பலகையிலிருந்து நூல்போல ஒரு நீர்க்கோடு இறங்கித் தாளை நனைத்தது.

"கிராணி ஐயா, இங்க வாங்க."

அவர் குனிந்து பார்த்தார். ஸ்டியரிங்கை நேராக்கச் சொன்னேன், கோடு நின்றது. திருப்பச் சொன்னேன், மறுபடி வந்தது. உறையின் வலப்பக்க மடிப்பில் வெடிப்பு. நேராக இருக்கும்போது மடிப்பு அதை மூடிக்கொள்ளும், திருப்பினால் வாய் திறக்கும். படகுக்கு அடிபடக் கூடாதென்று மாமா செய்த காரியமே அதை மூழ்கடித்திருந்தது.

"ராத்திரி பூரா இப்படி ஒழுகினா மூழ்காம என்னா செய்யும்?" என்று கிராணியே முணுமுணுத்தார்.

மாலை ஆறு மணி. தொழிலாளர் வரிசையிலிருந்த தன் லயத்து வீட்டில் மாமா தேநீர் கொடுத்தார். சுவர்கள் ஓதமேறியிருந்தன. ரோட்டோரப் புதிய வீடு ஒன்றைத் தோட்டம் கொடுத்தும் அவர் போகவில்லையாம். "ஏன்?" என்றேன்.

"ஒங்கக்கா பேருல போட்ட மனு எல்லாத்துலயும் இந்த அட்ரஸ்தான் இருக்கு. வீடு மாறினா பதிலு எங்கியாச்சும் போயிடும்."

பெட்டியைத் திறந்து காட்டினார். ஆண்டுக்கொரு மனு, ஆண்டுக்கொரு மறுப்பு. "இந்தத் தடவ குடிநுழைவு ஆபீஸ்ல தொர கையெழுத்துல ஒரு லெட்டர் கேக்கறாங்க, எனக்கு நெரந்தர வேலைன்னு. படகு விசயம் முடியட்டும்னுட்டாரு. வேல போனா லெட்டரும் போச்சு."

மறுப்புக் கடிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். "எனக்கு ஒரு வார்த்த எழுதியிருக்கலாமே மாமா."

"நீ பேசாம இருந்தியே சாமி."

சனிக்கிழமை காலை எட்டு மணி. ஆறு நட்டுகளைக் கழற்றிக் காத்தாடிக் காலை இறக்கினோம். தண்டைத் தாங்கும் பேரிங் துருவேறி அரைபட்டிருந்தது; கியர் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் வடிந்தது. அங்கேயும் தண்ணீர் புகுந்திருந்தது. லூமூட்டிலிருந்து கொண்டுவந்த உறை, பேரிங், சீல்களை மாற்றி, பசை காய விட்டு, வளையங்களை இறுக்கினேன். பகல் மூன்று மணிக்கு ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி வைத்துவிட்டு மூவரும் காத்திருந்தோம். ஒரு மணி நேரம். கிராணி செய்தித்தாளை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். பிறகு துரையின் பங்களாவுக்கு நடந்தார். ஐந்து மணிக்குக் கையெழுத்திட்ட கடிதத்தோடு வந்தவர், மாமாவின் கையில் கொடுத்து, "மன்னிச்சிக்குங்க ரெங்கசாமி" என்றார்.

ஞாயிறு காலை பஸ்ஸில் மலையிறங்கினேன். லூமூட்டில் தண்ணீர் ஒருநாளும் நிற்காது. வந்துபோகும் தோணிகளைப் பார்த்துக்கொண்டே நம் துக்கத்தை மறந்துவிடலாம். இங்கே அணை கட்டி நிறுத்திய தண்ணீர். அதன் கரையில் மாமா எட்டு ஆண்டுகளை எப்படிக் கழித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கு அனுமதி கிடைக்குமா என்பதும் தெரியாது.

தாப்பாவில் அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. துணிப்பையில் எழுதாத விமானக் கடிதத் தாள் ஒன்று இருந்தது. காப்பிக்கடை மேசையில் வைத்து எழுத உட்கார்ந்தேன். அக்காவுக்கு மாதம் தவறாமல் எழுதுகிறவன்தான். ஒரு கடிதத்திலும் மாமாவைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. அவளும் கேட்டதில்லை. 'மாமாவைப் பார்த்தேன்' என்று முதல் வரியை எழுதினேன். அடுத்த வரி வருவதற்குள் பஸ் வந்துவிட்டது.