மயில் கழுத்துக்கு நீலம் தேடியது

பெயிண்டர் தொழிலில் சிவப்பு சொன்ன பேச்சைக் கேட்கும், மஞ்சள் இரண்டு தரம் கெஞ்சினால் கேட்கும், நீலம் மட்டும் மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொண்டே நிற்கும். ஈரத்தில் ஒரு நீலம், காய்ந்தால் வேறு நீலம், மறுநாள் வெயிலில் மூன்றாவது நீலம். பிரஷ் பிடித்துச் சோறு தின்றவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கள்ளக்குறிச்சியில் நான் எழுதாத சுவர் கொஞ்சம்தான். எனக்கு நடந்ததை எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

மீன்கொத்தி இறகும் மேஸ்திரியும்

வடக்கனந்தலில் ஒரு கரும்புக்காரர் புது வீட்டுக் கதவுக்கு நீலம் கேட்டார். எந்த நீலம் என்றதற்கு சட்டைப் பையிலிருந்து ஒரு மீன்கொத்தி இறகை எடுத்து நீட்டினார். "இதே கலரு. கொஞ்சம்கூட மாறக்கூடாது." அப்போது நான் துரைசாமி மேஸ்திரியிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கலர் கலக்கும் வேலையை என்னிடம் விட்டார். காலையிலிருந்து கலக்கினேன். இறகு அடங்கவில்லை. நிழலில் வைத்துக் கலந்தால் வெயிலில் வேறாக மின்னியது. வெயிலில் வைத்துக் கலந்தால் நிழலில் என் கலர் செத்துப் போனது.

மேஸ்திரி வந்து டப்பாவைப் பார்த்தார். கரும்புக்காரர், அவர் வீட்டம்மா, தச்சு வேலைக்காரர் இரண்டு பேர், எல்லோரும் நிற்கிறார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதெல்லாம் நடந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இன்றைக்கும் சோற்றில் கை வைக்கும்போது அந்த வார்த்தை வந்து உட்காரும். "உனக்கு நீலம் வராதுடா. சுண்ணாம்புல நீலம் போட்டு செவுரு பூசு, அதுக்குத்தான் நீ லாயக்கு."

கிட்டப் போனால் காணோம்

அன்றைக்கே அவரை விட்டு விலகினேன். தனியாகத் தொழில் செய்து நாலு வருஷம் கழித்து, வெள்ளிமலைக்கு அந்தண்டை ஒரு சிற்றூரிலிருந்து முருகன் கோயில் பூசாரி சின்னாண்டி என்னைத் தேடி வந்தார். கோயில் முன் சுவரில் ஆள் உயரத்துக்கு மயிலோடு முருகன் எழுத வேண்டும். முதலில் மேஸ்திரியைத்தான் கேட்டாராம். "மலைமேல வந்து குளுருல சாவறதுக்கா?" என்று அனுப்பிவிட்டாராம். நான் உடனே ஒப்புக்கொண்டேன். முருகனுக்காக இல்லை, மயில் கழுத்துக்காக. அந்தக் கழுத்தை மேஸ்திரி ஒருநாள் பார்க்க வேண்டும்.

கச்சிராயபாளையத்தில் ஜீப் ஏறினேன். அணைப் பக்கமிருந்து பார்த்தால் கல்வராயன் மலை முழுக்க நீலம். அந்த நீலத்தையே கண்ணில் வைத்துக்கொண்டு ஏறினேன். பாதி மலையில் பார்த்தால் எல்லாம் பச்சை, பாறை, செம்மண். நீலம் எங்கேயும் இல்லை. மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் நான் விட்டு வந்த கரும்புக் காடெல்லாம் நீலமாகக் கிடக்கிறது! டிரைவரிடம் சொன்னேன். ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே சொன்னார்: "இருவது வருசமா ஓட்டிக்கினு இருக்கேன் பெயிண்டரே, அந்த நீலத்துமேல ஒருநாளும் வண்டி ஏறல."

பஸ் வரவில்லை

கள்ளக்குறிச்சிப் பெயிண்டுக் கடையில் நான் கிளம்பிய நேரம் நீலப் பொடி தீர்ந்து போயிருந்தது. நாளைக்கு பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி மேலே வந்துவிட்டேன். மறுநாள் பஸ் வரவில்லை. கீழே இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம். ரோடெங்கும் புளிய மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள் என்று நடந்து வந்த ஒருவர் சொன்னார். அதற்கு முந்தின மாதம் அந்தப் போராட்டத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் எழுதியவன் நான்தான். என் டப்பாவையே நிறுத்துவார்கள் என்று அப்போது தெரியவில்லை.

முருகனை முடித்தேன். வேலாயுதத்தை முடித்தேன். தோகையில் பச்சையும் மஞ்சளும் ஏற்றி, முகத்தில் கண்ணுக்கு மட்டும் இடம் விட்டேன். கழுத்து வெறும் வெள்ளைச் சுவராக நின்றது. வெள்ளிக்கிழமை காலையில் காவடி வருகிறது. அதற்கு முன்னால் சாமிக்கும் மயிலுக்கும் கருவிழி எழுதிக் கண் திறக்க வேண்டும். உடம்பில் ஒரு இடம் பாக்கி இருந்தாலும் கண் திறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் வழக்கம். கண் திறக்காத சாமிக்குக் காவடி எடுக்க மாட்டோம் என்பது அவர்கள் வழக்கம். இலை போட்டுச் சோறு வராத பந்தி மாதிரி ஊரே காத்திருந்தது. மரம் வெட்டிப் போட்டவர்களை நான் திட்டியபோது சின்னாண்டி சிரித்தார். "மரம் வெட்ட எங்களுக்கும் தெரியும் பெயிண்டரே. குறுக்க போடறதுக்கு இங்க ரோடுன்னு சொல்ற மாதிரி ஒண்ணு இருக்குதா சொல்லு."

அம்மியில் மயில்

கோயிலுக்குப் பின்னால் ஒரு மூங்கில் கூடை நிறைய மயிலிறகு இருந்தது. காட்டில் உதிர்ந்ததைப் பொறுக்கி வந்து காணிக்கை வைப்பார்களாம். கழுத்துப் பக்கத்துச் சின்ன இறகுகளும் அதில் கிடந்தன. கையில் எடுத்தால் ரத்தினம் மாதிரி நீலம். எனக்கு மூளையில் பல்ப் எரிந்தது. மயிலுக்கு மயிலின் நீலத்தையே போடுவோம், துரைசாமி மேஸ்திரியின் ஏழு தலைமுறைக்கும் இந்த யோசனை வந்திருக்காது!

கத்தரியால் பொடியாக நறுக்கி, பூசாரி வீட்டு அம்மியில் வைத்து, ஒரு மணி நேரம் அரைத்தேன். அரைக்க அரைக்க நீலம் குறைந்தது. கடைசியில் அம்மியில் இருந்தது மூக்குப்பொடிக் கலரில் ஒரு சேறு. இன்னொரு பிடி நறுக்கினேன். அதுவும் பழுப்பு. இவ்வளவு நீலமும் எங்கே போனது? ஆவியாகப் போவதற்கு அது என்ன தண்ணீரா? அம்மிக்கு முன்னால் மலைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். பூசாரியின் மனைவி காளியம்மா மிளகாயோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இன்னாய்யா இது? கொழம்பு அரைக்கற அம்மியில முருகன் வண்டிய அரைச்சு வெச்சிருக்க!"

பச்சையாகிப் போன பூ

காளியம்மாவே ஒரு வழியும் சொன்னார். வேலியில் நீலச் சங்குப்பூ இருக்கிறது, பிழிந்து பாரு என்றார். பிழிந்தேன். கிண்ணத்தில் அசல் நீலம்! வச்சிரப் பசை கலந்து, பிரஷ்ஷில் தோய்த்து, கழுத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன்.

இழுத்த இடம் என் கண் முன்னாலேயே பச்சையானது. இன்னொரு இழுப்பு, அதுவும் பச்சை. சுண்ணாம்புச் சுவர் அந்தப் பூவின் நீலத்தைக் குடித்துவிட்டுப் பச்சையைத் துப்பியது. கொஞ்ச நேரத்தில் அதுவும் வெளுத்து மஞ்சளாகப் போனது. ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அதில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. "மயிலுக்கு மஞ்சக்காமாலை வந்துட்டுது, கீழ்க்காநெல்லி அரைச்சு ஊத்துங்கடி!"

சோப்புத் தண்ணீருக்கு என்ன கலர்

பள்ளிக்கூடத்தில் ஜெயந்தி டீச்சர் என்று ஒருவர் இருந்தார். விருத்தாசலத்துப் பக்கம். பஸ் இல்லாததால் ஊருக்குப் போக முடியாமல் மேலேயே மாட்டிக்கொண்டவர். படித்தவர்கள் என்றாலே எனக்கு ஆகாது. கணக்கு வராததற்கு என்னை வெயிலில் முட்டி போட வைத்த வாத்தியாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் அந்த அம்மா தானாக வந்து, ஒரு மயிலிறகை எடுத்து வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தார். "இப்ப பாருங்கண்ணே." பார்த்தேன். பழுப்பு. சூரியனை முதுகுக்கு வைத்துப் பிடித்தார். நீலம். அதே இறகு!

"இதுல நீலச் சாயமே இல்லண்ணே. இருக்கறது கறுப்புப் பழுப்புதான். அதுமேல கண்ணுக்குத் தெரியாத சன்னத்துல அடுக்கடுக்கா இருக்கும். வெளிச்சம் அதுல பட்டு நீலமா மட்டும் திரும்பி வருது. நீங்க அடுக்க அரைச்சுட்டீங்க, அடியில இருந்த பழுப்பு கெடச்சுது." நான் நம்பவில்லை. டீச்சர் விடவில்லை. டம்ளரில் சோப்பைக் கரைத்து, பப்பாளித் தண்டால் ஊதினார். குமிழியில் நீலமும் ரோஸும் சுழன்றன. உடைந்தது. என் உள்ளங்கையில் வெறும் தண்ணீர். இருபது வருஷம் கலர்க் கடைக்குப் போய் வந்தவன், கலரே இல்லாமல் ஒரு கலரை அன்றைக்குத்தான் பார்த்தேன். டீச்சர் டம்ளரை நீட்டினார்: "சோப்புத் தண்ணிக்கு இன்னா கலருன்னு சொல்லுங்க, அப்பறம் மயிலுக்கு இன்னா கலருன்னு நான் சொல்றேன்."

பூசாரியின் பீடி

வியாழக்கிழமை மதியம். விடிந்தால் காவடி. சின்னாண்டி கோயில் வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கறுத்த கதவுக்கு முன்னால், பீடி நுனியிலிருந்து எழுந்த புகை நீலமாகப் போனது. அவர் வாயிலிருந்து விட்ட புகை வெள்ளை. ஒரே பீடி, ஒரே புகையிலை. டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நுனியில வர்ற புகையோட பொடி ரொம்பச் சன்னம்ணே. சன்னமா இருந்தா நீல வெளிச்சத்தத்தான் ஜாஸ்தியா செதற அடிக்கும். வாயில போயிட்டு வந்தா ஈரம் சேந்து பெருசாயிடுது, அதான் வெள்ளை. வானத்துலயும் அதே சங்கதிதான், அங்க காத்தே செதற அடிக்குது." அப்படியானால் மலை? "கீழ இருந்து நீங்க பாத்த நீலம் மலையோடது இல்லண்ணே. மலைக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கற காத்து. பின்னால மலை இருட்டா இருக்கறதால அது தெரியுது." பிறந்ததிலிருந்து மலை என்று நினைத்துக் காற்றைப் பார்த்திருக்கிறேன். சின்னாண்டி மட்டும் ஆச்சரியப்படவே இல்லை. "வானம், மலை, மயிலு, எதுலயும் கைய வெச்சா நீலம் கெடைக்காது. சாமிக்கு ஏன் அந்தக் கலரு எழுதறோம்னு நெனச்ச?"

கரியும் சுண்ணாம்பும்

பின்னால் இருட்டு, முன்னால் சன்னமான வெள்ளை. என்னிடம் இரண்டுமே இருந்தன. காளியம்மாவின் சோற்றுப் பானையைச் சுரண்டிக் கரி எடுத்தேன். வச்சிரம் கலந்து கழுத்து முழுக்கக் கறுப்பு அடித்தேன். ஊர்க்காரர்கள் முகம் மாறியது. மயில் கழுத்தில் காக்கா வந்துவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள். டீச்சர் தன் பெட்டியிலிருந்து துணிக்குப் போடும் நீலத்தில் பாதிப் பொட்டலம் கொண்டுவந்தார். கழுத்தின் அளவுக்கு அது கால்வாசிகூடக் காணாது. சுண்ணாம்புப் பாலைத் துணியில் மூன்று தரம் வடிகட்டி, அந்த நீலத்தை அதில் கலந்து, மூச்சு விட்ட மாதிரி ஒரே ஒரு பூச்சு பூசினேன்.

ஒன்றும் தெரியவில்லை. ஈரத்தில் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. பிரஷ்ஷைக் கீழே போட்டேன். மேஸ்திரி சொன்னது சரிதான் என்று முதல் தரம் நினைத்தேன், அது சாவதற்குச் சமம். அப்போது கழுத்தின் ஓரம் காயத் தொடங்கியது. காய்ந்த இடத்தில் கறுப்புக்குள்ளிருந்து நீலம் மேலே வந்தது. விடியற்காலை வானம் வெளுக்கிற மாதிரி, ஓரத்திலிருந்து நடுவுக்கு, மெதுவாக. பீடி அணைந்ததுகூடத் தெரியாமல் சின்னாண்டி வாயில் வைத்திருந்தார். அந்தச் சாயங்காலமே சாமிக்கும் மயிலுக்கும் கண்ணாடி காட்டி, கண் திறந்து வைத்தேன். கற்பூரம் ஏற்றியபோது அந்தக் கழுத்து அசைந்தது என்று காளியம்மா இன்றைக்கும் சத்தியம் செய்வார். நீலத்துக்கு நான் நன்றி சொன்னபோது டீச்சர் சொன்னார்: "என் வெள்ளைப் பொடவ பழுப்பாவே இருந்துட்டுப் போவட்டும்ணே, மயிலு பழுப்பா இருக்கக் கூடாது."

மேஸ்திரி வந்தார்

ரோடு திறந்து, போராட்டம் ஓய்ந்து, மறுபடி பிடித்து, மறுபடி ஓய்ந்தது. அடுத்த வருஷக் காவடிக்குத் துரைசாமி மேஸ்திரி, குளிருக்குத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, மருமகளின் வேண்டுதலுக்காக மலை ஏறினார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். தற்செயலாக இல்லை, அவர் வருகிற பஸ்ஸை விசாரித்துக்கொண்டுதான் போனேன்.

மயிலை இடது பக்கம் நின்று பார்த்தார். வலது பக்கம் நின்று பார்த்தார். எச்சில் தொட்டு ஓரத்தில் தேய்த்துக்கூடப் பார்த்தார். "எந்தக் கம்பெனி நீலம்டா இது?" என்றார். "பானைக் கரி, சுண்ணாம்பு, துணிக்குப் போடற நீலம் ஒரு சிட்டிகை. நீங்க சொன்ன சுண்ணாம்பு நீலந்தான் மேஸ்திரி." அதைச் சொல்ல நான் அத்தனை வருஷம் காத்திருந்தேன். கீழே போகிற பஸ் இரண்டு தரம் ஆரன் அடித்தது. மருமகள் கூப்பிட்டாள். அவர் காலை எடுக்கவில்லை. மூன்றாவது ஆரனுக்குத்தான் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தார். படியில் திரும்பி நின்று ஒன்று சொன்னார். "கரியில எங்கடா நீலம் இருக்குது, திருட்டுப் பயலே."

"நல்லா இருக்கு" என்கிற வார்த்தை அவர் வாயில் மயிலிறகின் நீலம் மாதிரி கிடையவே கிடையாது என்றாலும், அன்றைக்கு வெயில் விழுந்த கோணத்தில் நான் அதைப் பார்த்துவிட்டேன் என்பதை மட்டும் அவர் சாகும்வரை நான் அவரிடம் சொல்லவில்லை.