ஐந்தரை மணி வண்டி

காலமான எங்கள் முதலாளியின் சங்கிலிக் கடிகாரத்தை முதலாளியம்மா என் கையில் கொடுத்தபோது, இதைக் கொண்டா கம்பெனியைத் தூக்கி நிறுத்தப் போகிறார் என்று உள்ளுக்குள் சிரித்தேன். எனக்கு அப்போது முப்பது வயது. டிரைவர் என்ற கொழுப்பு நிறையவே இருந்தது.

மதுரைக்கும் திருவாதவூருக்கும் ஓடிய எங்கள் மூன்று பஸ்களும் பாதி காலியாகவே போய்வந்தன. போட்டிக் கம்பெனிக்காரர்கள் புது வண்டி விட்டதோடு, ஏறுகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு வேறு கொடுத்தார்கள். சித்திரைத் திருவிழா வரை பார்ப்பது, தேறாவிட்டால் வண்டிகளை விற்றுவிடுவது என்று முதலாளியம்மாவின் அண்ணன் முடிவு செய்திருந்தார். விற்றால் நாங்கள் பதினோரு பேரும் தெருவில்தான். அம்மா ஒரு வாரம் பஸ்ஸின் கடைசி வரிசையில் உட்கார்ந்து போய்வந்தார். புருஷன் போன மூன்றாம் மாதமே ஊர் சுற்றுகிறாள் என்று பேசியவர்களை அவர் சட்டை செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் பேசிக்கொண்டே வந்தார்.

இன்று கால அட்டவணை எழுதாத பஸ் நிலையம் கிடையாது. அன்று ஆள் நிரம்பினால்தான் வண்டி நகரும். நிரம்பினாலும் பெரிய மனிதர் வர வேண்டும். திருவாதவூர்ப் பண்ணையார் கோர்ட்டு வழக்குக்காக அடிக்கடி மதுரைக்கு வருவார். அவர் வீட்டு வாசலில் நிறுத்தி நான் ஹாரன் அடித்த பிறகுதான் அவர் தலைப்பாகையையே கையில் எடுப்பார்.

"வெத்தலைய அவுக குடுக்கட்டும். நாம நேரத்தக் குடுப்போம். காலையில அஞ்சரைன்னா அஞ்சரை. ஒரு ஆளு இருந்தாலும் வண்டி கெளம்பணும்" என்றார் அம்மா. திருவாதவூரிலிருந்து மதுரைக்கு மல்லிகை கொண்டுபோகும் பன்னிரண்டு பெண்களிடம் அவரே வாக்குக் கொடுத்திருந்தார். காலை ரயிலில் அனுப்பப் பூ வாங்கும் வியாபாரிகள் போய்விட்டால் அவர்களுக்கு அன்றைய பிழைப்பு போச்சு.

மூன்றாம் நாளே நான் சறுக்கினேன். பண்ணையாருக்காக அரை மணி நேரம் நின்றேன். மதுரையில் பூக்கூடையை இறக்கிய ஒருத்தி, "ஒங்க வண்டிய நம்பித்தானேண்ணே வந்தோம்? ரயிலு ஏவாரிக போயிட்டாக. அம்புட்டும் இனி பாதி வெலைதான்" என்றாள். மறுநாள் பன்னிரண்டு பேரும் போட்டி வண்டியில் ஏறிவிட்டார்கள்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "பண்ணையாரு ஒரு டிக்கெட்டு. அந்தப் பொம்பளைக பன்னெண்டு டிக்கெட்டு. நீங்களே போயி அவுகளக் கூட்டிட்டு வாங்க" என்றார். வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு அவர்களைத் திரும்பக் கூட்டிவந்தேன். என் கொழுப்பு பாதி அன்றே கரைந்தது.

அடுத்த கோர்ட்டு நாளில் ஐந்தரைக்கு வண்டியை எடுத்தேன். "ஐயா வாராக, நில்லு!" என்று பண்ணையாரின் ஆள் கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தான். நான் பிரேக்கை மிதிக்கவில்லை. இனி ஊருக்குள் வண்டி வரக்கூடாது என்று அன்றைக்கே சொல்லியனுப்பினார் பண்ணையார்.

அன்று மாலை வண்டியிலேயே அம்மா திருவாதவூர் வந்து தங்கினார். விடிந்ததும் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "பேச்சு வந்தா நான் பாத்துக்கிறேன். நீங்க மணியப் பாருங்க" என்றார். ஊர் எல்லையில் ஒரு மாட்டுவண்டியை ரோட்டுக்குக் குறுக்கே அவிழ்த்துப் போட்டிருந்தார்கள். நான் இறங்குவதற்குள் பூக்காரப் பெண்கள் இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏசிக்கொண்டே அதை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அம்மாவுக்குப் பேச வேலையே இல்லை. அவருக்கு வண்டி ஓட்டுகிறேன் என்ற பெருமை எனக்கு அன்றுதான் வந்தது. இன்றும் போகவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து பால்காரர், வக்கீல் குமாஸ்தா, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று வண்டி நிறைந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு நான்கு நாள் இருந்தபோது, நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கையில் பூக்கூடைகளுக்குப் பின்னால் ஒரு குடை தெரிந்தது. பண்ணையார், தலைப்பாகையெல்லாம் கட்டிக்கொண்டு நின்றார்.

"அஞ்சரை ஆயிருச்சா டிரைவரு?"

"இன்னும் ஆகலைங்கய்யா. மெதுவா ஏறுங்க."

மதுரை வந்ததும் அம்மாவிடம் ஓடிச்சென்று சொன்னேன்.

"எம்புட்டு நேரம் நின்னாரு?" என்று கேட்டார்.

"பத்து நிமிசம் இருக்கும்மா."

முதலாளி போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "அப்ப வண்டி விக்கிறதுக்கில்லைன்னு எங்கண்ணனுக்குச் சொல்லிவிட்ருங்க" என்றார்.