பந்திகொக்குத் தீவு

எம்.எஸ்சி. விலங்கியல் படித்தபோது, ஆஸ்திரேலியாவில் அருகிவரும் விலங்குகளைக் காக்கும் ஒரு தீவுக்குப் போக எனக்கு இடம் கிடைத்தது. மூன்று மாதம் தங்கி, பாண்டிகூட் என்ற சிறு விலங்கைக் கணக்கெடுக்க வேண்டும். செலவு தீவை நடத்துகிறவர்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைவிடப் பெரிய செய்தியை அந்த வீடு கேட்டதில்லை என்ற நினைப்போடுதான் பொன்னேரியில் ஊருக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டில் சொன்னதும் நைனாவின் காதில் விழுந்தது பாண்டிகூட் இல்லை, பந்திகொக்கு. எங்கள் பக்கம் தெலுங்கு கலந்த பேச்சு; அப்பா எங்களுக்கு நைனா. பெருச்சாளிக்கு அந்தப் பெயரும் உண்டு. முந்தின நாள்தான் மீன் வாசனைக்கு வந்த ஒரு பெருச்சாளி அவர் வலையைக் கடித்துக் குதறியிருந்தது.

கூட உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்த சித்தப்பா விடவில்லை. "இன்னாண்ணா, பெருச்சாளிய எண்றதுக்கா பொண்ண பிளேன் ஏத்தற? வூட்டுப் பின்னாடி எண்ணச் சொல்லு, டிக்கெட்டே வாணாம்."

நைனா சிரிக்கவில்லை. "ஊரே சிரிக்கும். வாணாம்மா" என்று முடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் நான் பதில் எழுத வேண்டும். ஆத்திரத்தில் அழுகை வந்தது, அழவில்லை. அந்தப் பெயரே நம் பக்கத்திலிருந்து போனதுதான் என்றேன். வெள்ளைக்காரர்கள் இங்கே பெருச்சாளியைப் பார்த்துச் சொல்லை எடுத்துப்போய், அங்கே வேறொரு பிராணிக்கு வைத்துவிட்டார்கள். அது எலியே இல்லை. கங்காரு மாதிரி வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கிற இனம். இந்த வகையில் பெருநிலத்தில் இருந்தவற்றை நரியும் பூனையும் தின்று தீர்த்ததில், தீவில் இருந்தவை மட்டும் மிஞ்சின.

போனில் வீடியோ காட்டினேன். கூர்மூக்கு விலங்கொன்று மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது. நைனா போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இப்டித் தோண்டுதே, பையில கீற குட்டி மேல மண்ணு வுழாதா?"

"வுழாது நைனா. கங்காருக்கு மாதிரி இல்ல, இதுக்குப் பை பின்பக்கமா தெறந்திருக்கும்."

வீடியோவை மறுபடி ஓட்டச் சொன்னார்.

மறுநாள் நைனாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் படகுத்துறைக்குப் போனேன். நாலு பேர் முன்னால் சித்தப்பா ஆரம்பித்தார். "எலி டாக்டரம்மா எப்ப கெளம்பறாங்கோ?"

"எலி இல்லடா அது. பேரு மட்டும்தான் நம்மளுது" என்றார் நைனா. "அதும் பை பின்னாடி தெறந்துகீது, மண்ணு போவாது. தெரியுமா உனக்கு?"

"ஐயே, நீயும் காலேஜா?" என்றார் சித்தப்பா. எல்லாரும் சிரித்தார்கள். நைனா அதைக் காதில் வாங்காமல், பாஸ்போர்ட்டுக்கு என்றைக்குச் சென்னை போக வேண்டும் என்று என்னைக் கேட்டார்.