பதினேழாவது கேள்வி

மைசூரில் ஒரு பி.யு. கல்லூரியில், அதாவது நம்மூர் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு, இயற்பியல் நடத்துகிறேன். நடத்துகிறேன் என்பது பழக்கதோஷம். உண்மையில் நான்கு விடைகளில் மூன்றை எப்படித் தள்ளுவது என்று காட்டுகிறேன். "ஒண்ணும் தெரியலையா? நீளமான விடையோட வட்டத்தைக் கருப்பாக்கு. பேப்பர் போடறவன் சரியான விடைக்குத்தான் மெனக்கெடுவான்." இத்தனை வருஷம் படித்ததற்கு உலகுக்கு நான் விட்டுச்செல்வது இதுதான் போலிருக்கிறது.

என் மகளும் அதே கல்லூரி, இரண்டாம் ஆண்டு. வகுப்பில் நான் சார். ஸ்கூட்டரில் ஏறியதும் அப்பா. ஆறு வயதில், சாமராஜநகர் பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட, முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டு, அழுவதற்கு முன்பே கேட்டாள்: "பஸ் நின்னுடுச்சு, நான் மட்டும் ஏன்ப்பா நிக்கலை?" இந்த இரண்டு வருஷமாக அவள் கேட்கும் ஒரே கேள்வி, "இது எக்ஸாமுக்கு வருமா?"

போன மாதம் மாதிரித் தேர்வுக்குத் தாள் தயாரித்தபோது ஒரு சபலம். பதினேழாவது கேள்வியாக அந்த பஸ்ஸையே வைத்தேன். பிரேக், கம்பி, நெற்றி எல்லாம். படித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பாள் என்று நினைப்பு. மேற்பார்வைக்கும் நானே போய் நின்றேன். மூன்று மணி நேரம். அவள் நிமிரவில்லை.

தாள்களை வாங்கிய பிறகுதான் பார்த்தேன். கணினியில் விடைகளை இடம் மாற்றும்போது கேள்வியை நானே அழித்திருக்கிறேன். பதினேழு என்ற எண் இருக்கிறது, கீழே நான்கு விடைகள் இருக்கின்றன, கேள்வி இல்லை. ஒரு கைகூட உயரவில்லை. எல்லோரும் வட்டத்தை நிரப்பியிருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் சரியாக.

ரத்து செய்துவிடலாம் என்று பிரின்சிபாலிடம் போனேன். "பர்வாகில்லா சார்" என்று தேற்றினார். "கேள்வி இல்லாமலே இவ்வளவு பேர் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்றால், உங்கள் கோச்சிங் எவ்வளவு ஸ்டிராங்!" அவர் கிண்டல் செய்யவில்லை.

சாயங்காலம் அக்ரஹாரம் பக்கம் சிக்னலில் நின்றபோது பின்னால் இருந்தவளைக் கேட்டேன்.

"பதினேழாவதுல கேள்வியே இல்லை. பார்க்கலையா?"

"பார்த்தேன்ப்பா."

"கை தூக்கறதுக்கென்ன?"

"டைம் வேஸ்ட். பி தான் நீளமா இருந்துச்சு. நீ சொன்னதுதானே? தப்பா?"

"சரிதான்."

"அப்புறம் ஏன் கத்தறே?"

கத்தியிருக்கிறேன் போல. பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன கேள்வியா இருந்திருக்கும்னு யோசிக்கக்கூடத் தோணலையா?"

"அடுத்து பதினெட்டு இருந்துச்சேப்பா."

பச்சை விழுந்தது. கிளம்பிய வேகத்தில் அந்த ஆட்டோ குறுக்கே வர, பிரேக்கை அழுத்தினேன். ஸ்கூட்டர் நின்றது. அவள் நிற்கவில்லை, அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டின் பின்னால் டொக்கென்று இடித்தது.

வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"பார்த்து ஓட்டுப்பா" என்றாள்.