இரவல் கீப்பர்

மூன்று பள்ளிக்கூடம் சேர்ந்தால் அதை லீக் என்று சொல்லலாமா? என் மாமா சொன்னார். அம்மாவின் தம்பி, எங்கள் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு ஆசிரியர். பெண்பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டமா என்று சிரித்த பள்ளி அதிபர்மாரிடமெல்லாம் தானும் கூடச் சிரித்து, வாவியைச் சுற்றிச் சைக்கிள் மிதித்து, எப்படியோ மூன்றைச் சேர்த்துவிட்டார். எங்களது ஒன்று, புளியந்தீவில் பட்டணத்துப் பள்ளி ஒன்று, வாவிக்கு அக்கரையில் படுவான்கரைப் பள்ளி ஒன்று. வெல்பவர்களுக்கான கிண்ணம் எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தது. தினமும் நான்தான் துடைப்பேன். அது வேறு வீட்டுக்குப் போகும் என்ற நினைப்பே எனக்கு ஆகாது.

போகாது என்றுதான் நம்பினேன். எங்கள் கோல் கீப்பர் என் அக்கா. அவளைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம்.

கடைசி ஆட்டம் எங்கள் திடலில், படுவான்கரைப் பிள்ளைகளோடு. வென்றால் கிண்ணம் எங்களுக்கு, இல்லையென்றால் பட்டணத்துக்கு. பாதை என்று நாங்கள் சொல்லும் இழுவைப் படகிலிருந்து இறங்கியவர்கள் ஆறே பேர். தாய்மார் வயல்வட்டைக்கு வேளாண்மை வெட்டப் போனதால் மற்றப் பிள்ளைகள் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்களாம். கீப்பரும் வரவில்லை. ஏழு பேர் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை, வெற்றி எங்களுக்கு. முந்தின ஆட்டத்துக்கும் இதே கதைதான். இன்றும் நடக்காவிட்டால் லீக்கை விட்டே விலகுகிறோம் என்று அவர்களுடைய அதிபர் சொல்லியனுப்பியிருந்தார். எனக்கு வாயெல்லாம் பல். கிண்ணமும் கிடைக்கிறது, ஒரு எதிரியும் தொலைகிறது.

மாமா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"மனே, அவங்கட கோலுக்குள்ள போய் நில்லு."

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "நிண்டா பிடிப்பன் மாமா. மறுகா என்னைப் பேசப்படாது."

"அதுக்குத்தானே அனுப்புறன்."

இதென்ன புதுச் சட்டம் என்று யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன். நடுவர் பட்டணத்துப் பள்ளி ஆசிரியர். நாங்கள் வெல்லாவிட்டால் கிண்ணம் அவர்களுக்கு. அவர் ஏன் கேட்கப்போகிறார்? மாமா எங்கள் பக்கமும் ஏழு பேரை மட்டும் இறக்கினார், நடுவர் விசில் ஊதினார்.

பாவி, எல்லாவற்றையும் பிடித்தாள். எங்கள் அக்காதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. முடிகிற நேரம் எங்களுக்கொரு பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவள் அக்காவோடு வகுப்பில் ஒரே வாங்கில் இருப்பவள். அவள் எந்தப் பக்கம் அடிப்பாள் என்பது அக்காவுக்கு மனப்பாடம். நான் கோலுக்குப் பின்னால் ஓடிப்போய், "விடுகா, இதை மட்டும் விடுகா," என்று கெஞ்சினேன். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. மணலில் பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடந்தாள். அக்கரைப் பிள்ளைகள் ஆறு பேரும் அவள்மேல் விழுந்து கட்டிப்பிடித்தார்கள். ஒரு கோலும் இல்லாமல் ஆட்டம் முடிந்தது.

கிண்ணம் நடுவரின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனது. நான் அழுதேன், நன்றாகவே அழுதேன். கப் பட்டணத்துக்குத்தானே போனது, கடலுக்குள்ளயா போனது என்று மாமா பகிடி விட்டார். அவரோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

இன்றைக்கு அந்த லீக்கில் வாழைச்சேனை, கல்குடா வரைக்கும் பள்ளிகள் இருக்கின்றன. இரண்டு பிரிவாகப் பிரித்தும் சனிக்கிழமைகள் போதவில்லை. படுவான்கரைப் பிள்ளைகளை வெல்வதென்றால் இப்போது தலையால் தண்ணி குடிக்க வேண்டும். மாமாவை நினைத்தால் எனக்குப் பெருமையில் நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆட்டம் முடிந்த அன்று பின்னேரம் அவர்களைப் படகேற்றிவிட நாங்களும் துறைக்குப் போனோம். அடுத்த வருஷமும் வருவீங்கதானே என்று மாமா கேட்டார்.

"வருவம் சேர்," என்றாள் அவர்களில் மூத்தவள். "எங்கட கீப்பரோட வருவம்."

படகு அக்கரை சேரும்வரை மாமா சிரித்த முகத்தோடு நின்றார். கிண்ணத்தைப் பறிகொடுத்த மனிதருக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவர்கள் விலகிப்போயிருந்தால், அடுத்த வருஷம் அக்கா யார் அடிக்கும் பந்தைப் பிடித்திருப்பாள் என்று நான் யோசிக்கவே இல்லை.