வியர்க்காத பிள்ளையும் பல் டாக்டரும்

நாலு வயதாகியும் என் மகன் வாயில் மொத்தமே ரெண்டு பல். அதுவும் ஆணி முனை மாதிரி கூராக இருக்கும். நாங்கள் குடியிருக்கும் கட்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் அவன் வாயைப் பற்றிப் பேசாத ஆளில்லை. பல் கிடக்கட்டும், என்னைத் தூங்கவிடாமல் அடித்தது அவன் காய்ச்சல்தான். மார்ச் பிறந்தால் போதும், உடம்பு அனலாகக் கொதிக்கும். கம்பளி போர்த்திப் படுக்க வைப்போம், இன்னும் ஏறும். ஒரு தடவை வலிப்பே வந்துவிட்டது. ஏன் என்று ஒரு டாக்டருக்கும் பிடிபடவில்லை. அடுத்த வெயிலுக்குப் பிள்ளை தங்குவானா என்று பயந்துபோயிருந்தேன்.

பல்லையாவது பார்ப்போமென்று ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். மராத்திக்காரப் பெண். அவன் வாயைப் பார்த்தார், பூனை முடி மாதிரி இருந்த தலையைத் தடவினார், "ஹ்யாலா காம் யேதோ கா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. காம் என்றால் வேலை. இவனுக்கு வேலை தெரியுமா என்றா கேட்பது? "நாலு வயசுப் பிள்ளை என்ன வேலை செய்யும், கல்லு மண்ணு சுமக்கணுமா?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் பொரிந்து தள்ளினேன். அவர் முழித்தார். அப்புறம் நெற்றியை விரலால் வழித்து, உதறிக் காட்டி, மறுபடி கேட்டார். வியர்வை. மராத்தியில் வியர்வைக்கும் 'காம்'தானாம், முதல் எழுத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டுமாம். நம் காதுக்கு எல்லா 'க'வும் ஒன்றுதானே.

யோசித்தேன். இவன் கழுத்தை ஒருநாள்கூட நான் துடைத்ததில்லை. பிள்ளை எப்போதும் பவுடர் போட்ட மாதிரி இருக்கிறான் என்று பெருமைவேறு பட்டிருக்கிறேன்.

இவனுக்கு வியர்த்ததே இல்லை என்றதும் அவர் விளக்கினார். பல், முடி, வியர்வைச் சுரப்பி எல்லாம் கருவில் ஒரே தோலிலிருந்து வருகிறதாம். அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு மரபணுக் கோளாறால் மூன்றும் சேர்ந்தே சரியாக வளராதாம். வியர்க்காத உடம்பு சூட்டை வெளியே விட முடியாமல்தான் கொதிக்கிறது என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதித்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். கம்பளியைத் தூக்கிப் போடுங்கள், பிள்ளையை நனையுங்கள் என்றார்கள்.

இப்போது அவனுக்குக் குட்டியாகப் பல்செட் இருக்கிறது, சப்பாத்தி கடிக்கிறான். இந்த மே மாதம் ஒரு மத்தியானம் முகம் சிவந்து வந்து நின்றான். பனியனை நனைத்துப் போட்டு கூலர் முன்னால் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் நெற்றி ஜில்லென்று ஆகிவிட்டது. கையை எடுக்க மனசே வரவில்லை எனக்கு. அந்தம்மா நன்றாக இருக்கணும். நான் அத்தனை கத்தியும், போ என்று விடாமல் இன்னொரு தடவை கேட்டாரே.